ஏழு மணி வேன்

இன்று காலை உங்கள் பிள்ளை என்ன சாப்பிட்டது?

அவசரப்பட்டு ‘இட்லி’ என்று சொல்லாதீர்கள். எத்தனை இட்லி? உட்கார்ந்து சாப்பிட்டதா, ஷூ மாட்டிக்கொண்டே சாப்பிட்டதா? தானாகச் சாப்பிட்டதா, நீங்கள் ஊட்டிவிட்டீர்களா? கடைசி வாயை விழுங்கியதா, வேனில் ஏறி அடுத்த தெருமுனையில் துப்பியதா?

சந்தேகம் இருந்தால் ஒருநாள் காலை ஆறு ஐம்பதுக்குக் கடலூர் செம்மண்டலம் பக்கம் வந்து நில்லுங்கள். மஞ்சள் வேன்கள் வரிசை கட்டி வரும். ஒரு அம்மா, பெண்ணுக்கு ரிப்பன் கட்டியபடியே வாயில் தோசையைத் திணித்துக்கொண்டிருப்பார். ஒரு தாத்தா, பேரனுடைய பையின் பக்கவாட்டு ஜிப்பில் பிஸ்கட் பாக்கெட்டைச் செருகுவார். ‘முழுங்குடி, நேரம் ஆவுது’ என்று ஒரு குரல். வேன் கிளம்பிவிடும். பாதி தோசை பிள்ளையின் கன்னத்தில், மீதி பாதி அம்மாவின் கையில். அந்த மீதியை அம்மா அங்கேயே நின்று தன் வாயில் போட்டுக்கொள்வார். அவருக்கு அதுதான் காலைச் சாப்பாடு.

அங்கிருந்து நகராமல், நடக்கிற தூரத்தில் இருக்கிற ஏதாவது ஓர் அரசு தொடக்கப் பள்ளிக்கு எட்டரை மணி வாக்கில் போய்ப் பாருங்கள். வெண்பொங்கலோ கிச்சடியோ, சாம்பார் ஊற்றி, பிள்ளைகள் வரிசையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். ஆவி பறக்கும். இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று தட்டை நீட்டுகிற பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் விழும்.

வருஷத்துக்கு எண்பதாயிரம் ரூபாய் ஃபீஸ் கட்டுகிற வீட்டுப் பிள்ளை வெறும் வயிற்றோடு ப்ரேயரில் நிற்கிறது. ஒரு பைசா கட்டாத வீட்டுப் பிள்ளை சுடச்சுடச் சாப்பிட்டுவிட்டு வகுப்புக்குள் போகிறது. இதில் யார் வீட்டுப் பிள்ளையை நாம் ‘பாவம்’ என்று சொல்கிறோம்?

இதைப் பற்றி எழுதலாம் என்று நினைத்ததற்குக் காரணம் செம்மண்டலம் இல்லை. என் வீடு.

எங்கள் மகளுக்குப் பத்து வயது. போன வருஷம் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்க ஆரம்பித்தாள். மாலையில் வந்ததும் யூனிஃபார்மோடு தூங்கிவிடுவாள். ‘சோம்பேறி’ என்று பட்டம் கொடுத்தேன். ‘செல்போன் பார்க்கிற கொழுப்பு’ என்றும் சொன்னேன். கடைசியில் சிதம்பரத்தில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். ரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின் 9.2. அந்த வயதுக்கு 11.5 இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் ரத்தசோகை.

டாக்டர் என் மனைவியைப் பார்த்துக் கேட்டார்: ‘‘என்னம்மா குடுக்குறீங்க குழந்தைக்கு?’’

நான் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். என்னைப் பார்த்து அந்தக் கேள்வி வரவில்லை. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. இன்னும் வெட்கமான விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். வெளியே வந்து வண்டியை எடுக்கும்போது நானும் அவளிடம் அதே கேள்வியைக் கேட்டேன். கொஞ்சம் உரத்த குரலில்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. அன்று ராத்திரி தினசரி காலண்டரின் கிழித்த தாள் நாலைந்தை எடுத்து, பின்பக்கம் என்னவோ எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாள். பி.காம். படித்தவன் நான். கணக்கு எழுதியது பாட்டனி படித்த அவள்.

முதல் தாள் அவளுடையது. 4.45 எழுந்திருப்பது. பால், வாசல், சமையல், மூன்று பேருக்கு டிபன், மூன்று பேருக்கு மதியச் சாப்பாடு, பிள்ளையை எழுப்புவது, குளிப்பாட்டுவது, ஜடை. 6.55 வேன். 7.25 சிதம்பரம் பஸ். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று நின்று நின்று போய்ச் சிதம்பரத்தில் இறங்கி, அங்கிருந்து ஆபீஸ். சாயங்காலம் அதே வழி திரும்பினால் வீடு வந்து சேர ஏழு. மறுபடியும் அடுப்பு.

இரண்டாவது தாள் மகளுடையது. 5.45 எழுப்புவது. 6.55 வேன். ஊரெல்லாம் சுற்றி 8.10-க்குப் பள்ளிக்கூடம். 10.40-க்குப் பத்து நிமிஷம் ஸ்நாக்ஸ். 12.30-க்குச் சாப்பாடு. அதற்கு இருபது நிமிஷம். அந்த இருபதிலேயே கை கழுவக் குழாயடி வரிசை, பாத்ரூம் வரிசை எல்லாம் அடக்கம். 4.00 மணிக்குப் பள்ளி விட்டால் 5.10-க்கு வீடு. 5.30 டியூஷன். 7.15 இந்தி. ஒன்பது மணிக்கு ஹோம்வொர்க் மேல் தலை வைத்துத் தூக்கம்.

மூன்றாவது தாளில் என் பெயர் மட்டும் இருந்தது. கீழே காலி.

பொதுவாக நம்ம வாரப் பத்திரிகைகள் இந்த இடத்தில் என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும். ‘பரபரப்பான அம்மாக்களுக்கு 30 வகை லஞ்ச் பாக்ஸ்’ என்று ஒரு இணைப்பு கொடுக்கும். கீரை கட்லெட், கேரட் சப்பாத்தி ரோல், பீட்ரூட் இடியாப்பம். வழவழ தாளில், கொத்தமல்லி தூவிய படத்தோடு. நானே அந்த மாதிரி இணைப்புகளுக்குத் தலைப்பு வைத்துக் கொடுத்திருக்கிறேன். அந்த முப்பதையும் படித்த அம்மாவுக்கு முப்பத்தோராவது ஐட்டமாக ஒரு குற்ற உணர்ச்சி இலவசம்.

சமைக்கத் தெரியாமல் நம் பிள்ளைகள் பட்டினி கிடக்கவில்லை சார். கேழ்வரகு அடையில் முருங்கைக்கீரை போடலாம் என்பது கடலூர் மாவட்டத்தில் யாருக்குத் தெரியாது? விருத்தாசலம் பக்கத்து வேர்க்கடலை, துறைமுகத்தில் கூடைக்கூடையாக வந்து இறங்குகிற மத்தி, நெத்திலி, கானாங்கெளுத்தி. இரும்பும் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் நம்ம ஊர்ச் சந்தையில் தரையில் கொட்டிக் கிடக்கின்றன. பிள்ளைக்கு அதை மென்று தின்ன நேரம் இல்லை. வீட்டில் சமைக்க ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறார். வியாதி அங்கே இருக்கிறது.

மத்திய அரசின் புள்ளியியல் துறை, மக்கள் ஒரு நாளை எப்படிச் செலவழிக்கிறார்கள் என்று ஒரு கணக்கெடுப்பு நடத்துகிறது. 2024-ம் வருஷக் கணக்குப்படி, சம்பளமில்லாத வீட்டு வேலைகளுக்கு அதில் ஈடுபடும் பெண் ஒரு நாளைக்குச் செலவழிப்பது சராசரி 289 நிமிஷம். ஆண் 88 நிமிஷம். அதுவும் எதையாவது செய்கிற ஆண்களின் சராசரிதான். ஒன்றுமே செய்யாத என்னைப் போன்றவர்களையும் கூட்டி வகுத்தால் அந்த 88-ம் மிஞ்சாது.

இப்போது நேரம் இல்லாத அந்த இடைவெளியில் யார் வந்து உட்காருகிறார்கள் என்று பாருங்கள். டப்பாக்காரர்கள்.

‘சாப்பிடலைன்னா பரவாயில்லை, இதை ஒரு டம்ளர் கலக்கிக் குடுத்துடுங்க’ என்று நம் தலைமுறைக்கே சொல்லி வளர்த்தார்கள். உயரமாக வளரும், கணக்கு வரும், ஓட்டப் பந்தயத்தில் ஜெயிக்கும். போர்ன்விட்டாவில் எவ்வளவு சர்க்கரை என்று 2023-ல் ஒரு இளைஞர் வீடியோ போட்டார். கம்பெனி வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. அவர் வீடியோவை எடுத்துவிட்டார். ஆனால் அதற்குள் விஷயம் நாடு முழுக்கப் பரவி, தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் கேள்வி கேட்டது. அந்த வருஷக் கடைசியில், 100 கிராமில் 37.4 கிராமாக இருந்த சேர்த்த சர்க்கரை 32.2 கிராமாகக் குறைந்தது. குறைந்த பிறகும் மூன்றில் ஒரு பங்கு! 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், ஆன்லைன் கடைகள் இந்த வகைப் பானங்களை ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற பட்டியலிலிருந்து நீக்க வேண்டும் என்றது. காரணம், நம் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘ஹெல்த் டிரிங்க்’ என்று ஒரு வகையே கிடையாதாம். இல்லாத ஒரு வகையை இத்தனை வருஷம் காசு கொடுத்து வாங்கிக் கலக்கியிருக்கிறோம். கடலூரிலிருந்து பண்ருட்டி போகிற வழியில் நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலையே இருக்கிறது. ஐம்பது ரூபாய்க்குள் ஒரு கிலோ கிடைக்கிற சரக்கை, பழுப்பு நிறம் ஏற்றி எத்தனை மடங்கு விலைக்கு வாங்கினோம் என்று நீங்களே டப்பாவைத் திருப்பிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அரசாங்கம் என்ன செய்கிறது? 2025 ஜனவரியில் வந்த பொருளாதார ஆய்வறிக்கை, பாக்கெட்டில் வரும் அதீதமாகப் பதப்படுத்தப்பட்ட உணவுகள் உடம்புக்குக் கேடு என்று எச்சரித்தது. நல்லது என்று கைதட்டினோம். அதே 2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கட், சாக்லேட், நூடுல்ஸ், மிக்சர் எல்லாவற்றுக்கும் ஜி.எஸ்.டி. 5 சதவிகிதமாகக் குறைந்தது. அதற்கும் கைதட்டினோம். இடது கை எழுதிய அறிக்கையை வலது கை படிக்கவில்லை. தாத்தா ஜிப்பில் செருகுகிற பாக்கெட்டின் விலை குறைந்தது. அந்தத் தாத்தாவை நான் குற்றம் சொல்ல மாட்டேன். பிள்ளை பட்டினியாகப் போகக்கூடாது என்று அவருக்குத் தெரிந்த வழி அது.

பள்ளிக்கூடம்? அங்கேதான் வருகிறேன்.

கொழுப்பு, சர்க்கரை, உப்பு அதிகமுள்ள பண்டங்களைப் பள்ளி வளாகத்துக்குள்ளும், வாசலிலிருந்து 50 மீட்டர் சுற்றளவிலும் விற்கக் கூடாது என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-லேயே விதி போட்டிருக்கிறது. உங்கள் பிள்ளையின் பள்ளி வாசலில் நின்று ஐம்பது மீட்டர் அளந்து பாருங்கள். வாசல் வரைக்கும் போக வேண்டியதில்லை, சில இடங்களில் கேன்டீனே உள்ளேதான் இருக்கிறது.

எங்கள் மகளின் பள்ளியிலிருந்து ஒரு சர்க்குலர் வந்தது. பெயர் வேண்டாம், அந்தப் பள்ளி மட்டும் செய்கிற காரியமும் இல்லை. டிபன் பாக்ஸில் முட்டை, மீன், கறி கொண்டுவரக் கூடாதாம். ‘மற்ற மாணவர்களின் மனம் புண்படாமல் இருக்க’. கடலுக்கு ஐந்து கிலோமீட்டரில் இருந்துகொண்டு மீன் வாசனைக்கு மனம் புண்படுகிறது. சரி, சிப்ஸ் கொண்டுவரலாமா? கொண்டுவரலாம். க்ரீம் பிஸ்கட்? தாராளமாக. பிறந்தநாளுக்கு வகுப்பு முழுக்க சாக்லேட்? அது கொண்டாட்டம்.

நான் சிதம்பரத்தில் அரசு உதவி பெறும் ஒரு பள்ளியில் படித்தவன். சத்துணவு சாப்பிட்டவன். 1989-ல் பள்ளிக்கூடத்தில் முட்டை வந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. அப்போது இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை. அந்த ஒரு நாளுக்காகக் காய்ச்சலோடு பள்ளிக்கு வந்தவர்கள் உண்டு. என் பக்கத்தில் உட்கார்ந்தவன் மஞ்சள் கருவை மட்டும் பேப்பரில் மடித்து டிராயர் பாக்கெட்டில் வைத்து வீட்டிலிருக்கும் தங்கைக்குக் கொண்டுபோவான். வீடு போவதற்குள் பாக்கெட்டெல்லாம் மஞ்சளாகியிருக்கும். பிறகு வாரம் ஒன்று, மூன்று என்று ஏறி, 2010-லிருந்து பள்ளி நாள் ஐந்திலும் முட்டை. சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். அவ்வளவுதான் விஷயம். யார் மனமும் புண்படாமல் ஒரு அரசாங்கம் லட்சக்கணக்கான பிள்ளைகளுக்குச் செய்ய முடிகிற ஏற்பாட்டை, ஐந்நூறு பிள்ளைகள் உள்ள ஒரு பள்ளியால் செய்ய முடியாதா?

இந்த இடத்தில் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும். 1920-ல் சென்னை மாநகராட்சி, தியாகராயர் காலத்தில், ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு ஆரம்பித்தது. 1956-ல் காமராஜர். 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாகப் பெரிதாக்கியபோது படித்தவர்கள் எல்லாம் தலையில் அடித்துக்கொண்டார்கள். ‘கஜானா காலி’ என்றார்கள். பின்னாளில் நான் பி.காம். படித்தபோதுகூட எங்கள் வகுப்பில் அதை வீண் செலவுக்கு உதாரணமாகச் சொன்னார்கள். சொன்னவர் மேல் எனக்குக் கோபம் வந்தது, ஆனால் எழுந்து ‘சார், நான் அதைச் சாப்பிட்டுத்தான் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன்’ என்று சொல்ல வாய் வரவில்லை. 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம், எல்லா மாநிலங்களும் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சமைத்த உணவு தர வேண்டும் என்று உத்தரவு போட்டது. வீண் செலவு நாட்டுக்கே விதியானது. 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் காலை உணவு தொடங்கியது. 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க அரசு தொடக்கப் பள்ளிகள், 2024-ல் கிராமங்களின் உதவி பெறும் பள்ளிகள், 2025 ஆகஸ்டில் நகரங்களின் உதவி பெறும் பள்ளிகள்.

எல்லாம் ஒழுங்கு என்று சொல்ல வரவில்லை. 2024 டிசம்பரில் 8,997 சத்துணவு சமையல் உதவியாளர்களை நியமிக்க அரசு ஆணை போட்டபோது, சம்பளம் மாதம் 3,000 ரூபாய் தொகுப்பூதியம். பிள்ளைக்குச் சோறு போடுகிற கைக்கு ஒரு நாளைக்கு நூறு ரூபாய். தலித் பெண் சமைத்தார் என்பதற்காகப் பிள்ளைகளைச் சாப்பிட விடாமல் தடுத்த பெற்றோர் இதே தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். இந்தச் சத்துணவையெல்லாம் மீறி, 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. அதற்கு முந்தைய 2015-16 கணக்கெடுப்பில் 50.7. பள்ளிக்கு வருவதற்கு முன்பே நம் பிள்ளைகள் வெளுத்துப்போய்த்தான் வருகிறார்கள். ‘அதெல்லாம் ஏழை வீட்டுக் கதை’ என்று நீங்கள் நினைத்தால், நானும் 9.2 என்ற எண்ணைப் பார்க்கும்வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் ஒரு விஷயத்தில் அந்தப் பள்ளிகள் நம் பள்ளிகளைவிடப் பல காத தூரம் முன்னால் நிற்கின்றன. பிள்ளை சாப்பிடுவது பள்ளிக்கூடத்தின் வேலை என்று அவர்கள் ஒத்துக்கொண்டுவிட்டார்கள். தனியார் பள்ளி அதை ஒரு தாயின் தலையில் கட்டிவிட்டு, ‘ஹெல்தி ஸ்நாக்ஸ் மட்டும் அனுப்பவும்’ என்று டைரியில் எழுதுகிறது.

பின்லாந்தில் 1948 முதல் பள்ளிப் பிள்ளைகள் அனைவருக்கும் மதிய உணவு இலவசம். மந்திரி பிள்ளைக்கும் அதே தட்டு. ஜப்பானில் 1954-ல் பள்ளி உணவுக்கென்றே சட்டம் போட்டார்கள். வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு பிள்ளைகளே முறை வைத்துப் பரிமாறுகிறார்கள். அவ்வளவு தூரம் எதற்கு? சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916-ல் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். ஊருக்குள் உட்கார இடம் கிடைக்காத பிள்ளைகளுக்கு அங்கே படிப்பும் தங்க இடமும் கிடைத்தன. வடலூரில் வள்ளலார் 1867 மே 23-ல் தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இரண்டு பக்கமும் எட்டுகிற தூரத்தில், நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாக யாரென்று கேட்காமல் சோறு போடுகிற அடுப்பு எரிகிறது. வருஷா வருஷம் தைப்பூசத்துக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வந்து, நம் பிள்ளைகளின் பள்ளியில் ஏன் ஒரு அடுப்பு இல்லை என்று கேட்காமல் இருக்கிறோம்.

‘செலவு சார்’ என்பார்கள். கணக்கைப் போட்டுவிடலாம், அதற்குத்தானே பி.காம். ஐந்நூறு பிள்ளைகள். ஒரு வேளைக்கு ஆளுக்கு இருபது ரூபாய் என்று வையுங்கள். ஒரு நாளைக்குப் பத்தாயிரம். இருநூறு பள்ளி நாளுக்கு இருபது லட்சம். ஒரு பிள்ளைக்கு வருஷத்துக்கு நாலாயிரம் ரூபாய். ஆண்டு விழாவுக்கு ஜிகினா டிரெஸ், ஸ்மார்ட் கிளாஸ், அபாகஸ், கலர் கலராக மூன்று யூனிஃபார்ம் என்று நாம் கேள்வி கேட்காமல் கட்டுகிற தொகையில் இது எத்தனையில் ஒரு பங்கு? நான் இலவசமாகக் கேட்கவில்லை. கட்டுகிறேன் என்கிறேன். ரசீது கொடுங்கள், பொங்கல் போடுங்கள்.

அடுப்பு வைக்க இடமில்லையா? சரி, காசு செலவில்லாத இன்னொன்று கேட்கிறேன். மதியச் சாப்பாட்டுக்கு இருபது நிமிஷத்தை நாற்பதாக்குங்கள். வேன் ஏழு மணிக்குப் பதில் ஏழே முக்காலுக்கு வரட்டும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு எட்டேகாலுக்கு ஸ்பெஷல் கிளாஸ் எடுத்து எந்த ஐ.ஏ.எஸ். பரீட்சைக்குத் தயார் செய்கிறீர்கள்? பசித்த பிள்ளைக்கு எட்டேகாலுக்கு வாய்ப்பாடு ஏறாது என்பதற்கு ஆராய்ச்சி வேண்டாம். நீங்கள் ஒருநாள் சாப்பிடாமல் வந்து பாடம் நடத்திப் பாருங்கள்.

இப்போது என் வீட்டுப் பங்கு. அந்த மூன்றாவது காலண்டர் தாள் ஒரு வாரம் ஃப்ரிட்ஜில் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. ராத்திரி பதினொன்றுக்கு நான் வேலை முடித்து வரும்போது வீடு தூங்கியிருக்கும். ஒருநாள் அம்மாவுக்குப் போன் போட்டேன். சிதம்பரத்தில் கொத்சு இல்லாத இட்லி இட்லியே கிடையாது. ‘‘கத்திரிக்கா பிஞ்சா பாத்து வாங்கு. நல்லெண்ணெய் தாராளமா ஊத்தி வதக்கு. மல்லி, மொளகா வறுத்துப் பொடி பண்ணிக்க. புளி கொதிச்சு சுருண்டு வரணும். ராத்திரி பண்ணி வெச்சா காலையில இன்னும் நல்லா இருக்கும்டா’’ என்றாள். நாற்பது வயதுக்கு மேல் முதல் கொத்சு. அடிப்பிடித்தது. மகள் ‘‘ஸ்மோக்கி ஃப்ளேவர்ப்பா’’ என்று சாப்பிட்டாள்.

அதிலிருந்து ராத்திரி அடுப்பு என்னுடையது. கொத்சோ, சுண்டலுக்கு ஊறப்போட்ட கொண்டைக்கடலையோ, கேழ்வரகு மாவோ. காலையில் முட்டை வேகவைப்பதும் நான். ஞாயிற்றுக்கிழமை துறைமுகத்துக்குப் போய் மத்தி வாங்கி, ஆய்ந்து, மசாலா தடவி வைப்பதும் நான். மீன் ஆய்வதைப் பற்றித் தனியாக ஒரு வாரம் எழுத வேண்டும். அது ஒரு தண்டனை. டாக்டர் கொடுத்த இரும்புச்சத்து மருந்தோடு, சாப்பாட்டு வேளையில் டீ கிடையாது, பதிலுக்கு ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ. டியூஷனை நிறுத்தினோம். இந்தியையும். நாலு மாதத்தில் 9.2 என்பது 11.1 ஆகியிருக்கிறது. இன்னும் போக வேண்டும். டியூஷனை நிறுத்தியதில் கணக்கில் ஆறு மார்க் குறைந்தது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

‘உனக்கு முடியும், எங்களுக்கு?’ என்று நீங்கள் கேட்பீர்கள். புருஷன் துபாயில், மாமியார் படுக்கையில், இவர் ஜவுளிக்கடையில் நின்றபடி பன்னிரண்டு மணி நேரம் என்று இருக்கிற பெண்ணிடம் நான் கொத்சு செய்முறை சொன்னால் அது அயோக்கியத்தனம். அதனால்தான் வீட்டுக்குள்ளேயே தீர்வு தேடாதீர்கள் என்கிறேன். 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூரில் வந்து விழுந்தது. பண்ருட்டிப் பலா மரமெல்லாம் வேரோடு சாய்ந்தது. கரண்ட் பல நாள் இல்லை. மிக்ஸி, கிரைண்டர், ஃப்ரிட்ஜ் எதுவும் கிடையாது. அந்த நாட்களில் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் பழைய ஆட்டுக்கல் இருந்தது. ஒரு வீட்டில் விறகு இருந்தது. ஒரு வீட்டில் அரிசி மூட்டை. நாலு வீட்டுப் பெண்கள் சேர்ந்து சமைத்தார்கள், ஆண்கள் தண்ணீர் சுமந்தோம், பத்து வீட்டுப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டன. வீட்டில் கத்திரிக்காயைத் தொடாத பிள்ளை அங்கே மறு சோறு கேட்டது. கரண்ட் வந்ததும் எல்லோரும் அவரவர் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டோம்.

போன மாதம் பள்ளியில் பெற்றோர் கூட்டம். வழக்கமாக மனைவி போவாள், இந்த முறை நான் போனேன். அறுபது பேரில் ஆண்கள் ஏழு பேர். எழுந்து கேட்டேன்: சாப்பாட்டு நேரத்தை நாற்பது நிமிஷம் ஆக்க முடியுமா, காலை உணவுக்கு ஃபீஸ் வாங்கிக்கொண்டு சமையலறை போட முடியுமா, முட்டைக்குத் தடையை நீக்க முடியுமா?

மேடையில் இருந்தவர் சிரித்தார். ‘‘சார், ஜர்னலிஸ்ட்டுங்கிறதால உணர்ச்சிவசப்படுறீங்க. நாங்க ஸ்கூல் நடத்துறோம், ஹோட்டல் நடத்தலை’’ என்றார். சில பேர் கூடச் சிரித்தார்கள்.

பின் வரிசையில் ஒரு அம்மா எழுந்தார். கையில் ஹெல்மெட். வேலைக்கு நடுவில் வந்திருப்பார் போல. ‘‘எங்க தெருவுல கவர்மென்ட் ஸ்கூல் இருக்கு சார். அங்க காலைல பொங்கல் போடுறாங்க. காசு குடுத்துடுறேன், எம் பையனை அங்க சாப்பிட வெச்சுட்டு அப்புறம் உங்க வேன்ல ஏத்திவிடவா? வேன் மட்டும் கொஞ்சம் லேட்டா வரணும்’’ என்றார்.

இப்போது யாரும் சிரிக்கவில்லை. ‘கமிட்டியில் வைக்கிறோம்’ என்று பதில் வந்தது. கமிட்டி அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை கூடுகிறது. அந்த அம்மாவின் நம்பரை வாங்கி வைத்திருக்கிறேன். இதுவரை பதினாலு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறோம். அதில் ஆண்கள் மூன்று பேர்.